பிரேட்டன் பாயின்ட்: 35 டிகிரிக்குள் வற்றிப்போன மீன்வளம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டான்டன் ஆறும் லீ ஆறும் கடல்நீரோடு கலக்கும் முனையில் பிரேட்டன் பாயின்ட் அனல்மின் நிலையம் இருந்தது. 1963-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது, 1974-ல் நான்காவது அலகு. மொத்தத் திறன் 1,500 மெகாவாட்டுக்கு மேல். நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் நிலக்கரி எரித்த நிலையங்களில் இதுதான் பெரியது. எதிரே இருந்த மவுன்ட் ஹோப் விரிகுடாவிலிருந்து நீரை எடுத்து, அதைச் சூடாக்கி, அங்கேயே திருப்பி விட்டது.

வெளியேற்றும் நீருக்கு அனுமதி ஆணையில் எழுதியிருந்த உச்ச வெப்பநிலை 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். இந்த எண் மீறப்பட்டதால் பிரச்சினை எழவில்லை. எண் அப்படியே இருந்தபோதுதான் விரிகுடாவில் மீன்வளம் சரிந்தது. அனல்நிலையங்களின் சூட்டு நீரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று யோசிக்கிற யாரும் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்பேன். எதை அளக்கிறோமோ அதைத்தான் கட்டுப்படுத்துகிறோம். அளக்காமல் விட்டது வளர்ந்துகொண்டே போகும். இங்கே அளக்காமல் விடப்பட்டவை ஆண்டு முழுவதும் சேரும் மொத்த வெப்பமும், விரிகுடாவின் மீன் அதை எவ்வளவு தாங்கும் என்பதும்.

சூடு எங்கிருந்து வருகிறது

நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல இயந்திரமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக, மின்சாரமாகிறது. ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு கண்டென்சரில்தான் வெளியேறுகிறது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி நீராக்க, ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் வழியே குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். நீராவி குளிர்கிறது, குழாய்க்குள் ஓடும் நீர் சூடாகிறது. அந்த நீரை நேராகக் கடலில் விட்டுவிட்டு அடுத்த கணத்துக்குப் புது நீரை எடுப்பது ஒருவழிக் குளிர்விப்பு. கோபுரத்தில் காற்றுப் பட ஆறவிட்டு அதே நீரை மீண்டும் பயன்படுத்துவது சுழற்சிக் குளிர்விப்பு.

ஒருவழி முறையில் ஒரு எளிய கணக்கு உண்டு. வெளியேற்ற வேண்டிய வெப்பம் மாறாது. அதைக் குறைந்த நீரில் ஏற்றினால் நீர் அதிகமாகச் சூடாகும், அதிக நீரில் ஏற்றினால் குறைவாகச் சூடாகும். ஆகவே குழாய் வாயில் வெப்பநிலைக்கு மட்டும் வரம்பு வைத்தால், நிலையத்துக்கு எளிய வழி பம்புகளைக் கூட ஓட்டுவதுதான். வெப்பமானியில் எண் இறங்கும், விரிகுடாவுக்குப் போகும் வெப்பம் ஒரு துளியும் குறையாது. அதோடு, கூடுதலாக உறிஞ்சும் நீரில் மீன் முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் கூடுதலாக உள்ளே போகும். கண்டென்சர் குழாய்க்குள் திடீர்ச் சூடும் அழுத்தமும் பட்டு அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

பிரேட்டன் பாயின்ட் முழு வேகத்தில் ஓடியபோது ஒரு நாளைக்கு 100 கோடி கேலன், அதாவது சுமார் 380 கோடி லிட்டர் நீரை எடுத்தது. வெப்பத்தை அளக்கும் பி.டி.யு. அலகில், ஆண்டுக்கு 42 லட்சம் கோடி பி.டி.யு. வெப்பத்தை விரிகுடாவில் கொட்டியது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 1,200 கோடி யூனிட்டுக்கு மேல். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் ஓடிய நீர் சராசரியாக 8 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. விரிகுடாவின் பரப்பு ஏறக்குறைய 36 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் ஐந்தரை மீட்டர்தான். அதில் அடங்கும் நீரின் அளவை நாள் கணக்கோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஏழு முறை விரிகுடா முழுவதும் கண்டென்சர் வழியே போய் வந்ததற்குச் சமம். திறந்த கடலில் இதே நிலையம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஆழமில்லாத, பாதி மூடிய நீர்நிலை என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் மாற்றியது.

சட்டம் என்ன கேட்டது

1972-ல் வந்த தூய நீர்ச் சட்டம் வெப்பத்தையும் ஒரு மாசு என்றே வரையறுத்தது. ஆனால் 316-ஆம் பிரிவில் வெப்பத்துக்குத் தனி வழி வைத்தது. முதல் உட்பிரிவு விலக்கு பற்றியது. வழக்கமான வரம்பு தேவைக்கு மேல் கடுமையானது என்று நிலையம் நிரூபித்தால் தளர்வு கிடைக்கும். அந்த நீர்நிலைக்கே உரிய மீன், சிப்பி, பிற உயிரினங்களின் சமநிலையான தொகை காக்கப்பட வேண்டும், பெருக வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவது உட்பிரிவு நீர் எடுக்கும் வாய் பற்றியது. அதன் இடம், வடிவம், கொள்ளளவு எல்லாம் பாதிப்பைக் குறைக்கக் கிடைக்கும் சிறந்த தொழில்நுட்பத்தின்படி இருக்க வேண்டும்.

முதல் உட்பிரிவில் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். விலக்கு கேட்பவர்தான் தீங்கில்லை என்று காட்ட வேண்டும். மீனவரோ அரசோ தீங்கு உண்டு என்று காட்ட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் முன்கணிப்புகளை வைத்து ஒருமுறை விலக்கு கிடைத்துவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதற்கான சுமை மெல்ல மறுபக்கம் நகர்ந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் எல்லை. நிலையம் மாசசூசெட்ஸில் இருந்தது, விரிகுடாவின் பெரும்பகுதியோ அடுத்த மாநிலமான ரோட் ஐலண்டில். ரோட் ஐலண்டின் நீர்த்தர விதிப்படி, கோடையில் கடல்நீரின் இயல்பான வெப்பநிலையை 0.9 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்தக் கூடாது, மற்ற மாதங்களில் 2.2 டிகிரிக்கு மேல் கூடாது. இதைக் குழாய் வாயில் அளப்பதில்லை; சூட்டு நீர் கலந்து தணிய என்று ஒதுக்கிய கலப்புப் பகுதியின் விளிம்பில் அளப்பார்கள். கலப்புப் பகுதி சிறியதாக இருந்தால் இந்த விதி கடுமையானது, விரிகுடா முழுவதையும் கலப்புப் பகுதியாக எடுத்துக்கொண்டால் அர்த்தமே இல்லாதது. எண்ணைப் பற்றி எவ்வளவு பேசுகிறோமோ அவ்வளவு இந்தக் கோட்டை எங்கே வரைகிறார்கள் என்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

1984

நான்காவது அலகு கட்டப்பட்டபோது சுழற்சிக் குளிர்விப்போடுதான் கட்டப்பட்டது. கால்வாயில் நீரைத் தெளித்து ஆறவைத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். 1984-ல் அதை ஒருவழி முறைக்கு மாற்றினார்கள். ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதலோடு நடந்த மாற்றம் அது. நிலையம் எடுக்கும் நீரின் அளவு ஏறக்குறைய 45 சதவீதம் கூடியது.

அடுத்த பத்தாண்டில் என்ன நடந்தது என்பதை 1996-ல் ரோட் ஐலண்ட் மாநில மீன்வளப் பிரிவின் உயிரியலாளர் மார்க் கிப்சன் ஓர் அறிக்கையில் எழுதினார். அவர் செய்தது ஒப்பீடு. மவுன்ட் ஹோப் விரிகுடாவில் இழுவலை போட்டு எண்ணிய மீன் கணக்குகள் பல ஆண்டுகளுக்கு இருந்தன. அதை உள்ளடக்கிய பெரிய நாரகான்செட் விரிகுடாவுக்கும் தனிக் கணக்குகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, 1984-85க்கு முன்னும் பின்னும் பார்த்தார். மவுன்ட் ஹோப்பில் மீன்களின் எண்ணிக்கை 87 சதவீதம் சரிந்திருந்தது. சரிவு கூர்மையாகத் தொடங்கிய காலம், பம்புகள் கூடுதலாக ஓடத் தொடங்கிய காலத்தோடு ஒத்துப்போனது.

உரிமையாளர் தரப்பின் மறுப்பு மேலோட்டமானதல்ல. வட்டாரம் முழுக்கவே அதிக மீன்பிடிப்பால் மீன் குறைந்துகொண்டிருந்தது. கடல்நீரும் பொதுவாகவே சூடேறிக்கொண்டிருந்தது. விரிகுடாவில் கழிவுநீரும் கலந்தது. இவற்றில் எதுவும் பொய் இல்லை. வின்டர் ஃப்ளவுண்டர் என்ற தட்டைமீன் நாரகான்செட் முழுவதிலும் குறைந்திருந்தது உண்மை. ஒரு நீர்நிலையை மட்டும் பார்த்திருந்தால் இந்த மறுப்புக்குப் பதில் சொல்ல முடியாமலேயே போயிருக்கும். பக்கத்து நீர்நிலையின் கணக்கும் கையில் இருந்ததால்தான், பொதுவான சரிவைத் தாண்டி இங்கே மட்டும் நடந்தது எவ்வளவு என்று கேட்க முடிந்தது. அனுமதி ஆணைகளில் கண்காணிப்பு நிபந்தனை எழுதும்போது வெளியேற்றக் குழாயைச் சுற்றி நாலு இடத்தில் அளக்கச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். நிலையத்தின் சூடு எட்டாத இன்னொரு நீர்நிலையிலும், முதல் பம்பு ஓடுவதற்கு முன்பிருந்தே அளக்கச் சொல்ல வேண்டும். அது இல்லாத கண்காணிப்பால் எந்த வாதத்தையும் தீர்க்க முடியாது.

1999-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் மவுன்ட் ஹோப்பின் மேற்பரப்பு நீர், நாரகான்செட்டின் இதே மாதிரியான பகுதிகளைவிடச் சராசரியாக 0.8 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தது. குழாயின் அருகில் மட்டும் அல்ல, விரிகுடா முழுவதிலும்.

0.8 டிகிரியில் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்வி நியாயமாகவே எழும். பருவத்துக்குப் பருவம் இருபது டிகிரி மாறும் நீரில் ஒரு டிகிரிகூட இல்லாத வித்தியாசம் அற்பமாகத் தெரியும். பதில் வின்டர் ஃப்ளவுண்டரின் வாழ்க்கையில் இருக்கிறது.

இந்த மீன் கடும் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் முகத்துவாரங்களுக்கு வந்து முட்டையிடும். முட்டைகள் மிதப்பதில்லை, அடியில் ஒட்டிக் கிடக்கும். பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் அலையும், அப்புறம் தட்டையாகித் தரையில் படியும். முதல் கோடையை ஆழமில்லாத கரையோரத்திலேயே கழிக்கும். பெரியவையானதும் தாம் பிறந்த முகத்துவாரத்துக்கே திரும்பும். அதனால் ஓரிடத்தில் அழிந்தால் வேறெங்கிருந்தோ வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

குளிர்காலத்தில் குஞ்சுகளைக் காப்பது குளிர்தான். அவற்றைத் தின்னும் சிறு மணல் இறால்கள் கடும் குளிரில் மந்தமாகிக் கிடக்கும். நீர் கொஞ்சம் வெதுவெதுப்பானாலும் அவை சீக்கிரமே இரைதேடக் கிளம்பிவிடும், குஞ்சுகள் ஓடவோ ஒளியவோ வலுப்பெறும் முன்பே. கோடையிலோ தீங்கு வேறு விதம். 24 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளம் ஃப்ளவுண்டர்கள் அந்த இடத்தை விட்டு விலகத் தொடங்கும். இயல்பிலேயே 23 டிகிரி வரை போகும் ஆழமற்ற விரிகுடாவில் ஒரு டிகிரி என்பது, பல ஏக்கர் பரப்பு இளம் மீனுக்கு உதவாமல் போவது.

வெப்பத்தின் தீங்கு சூட்டால் மட்டும் வருவதுமில்லை. குளிர்காலத்தில் தெற்கே போக வேண்டிய மீன்கள் வெளியேற்றக் கால்வாயின் கதகதப்பில் தங்கிவிடும். நிலையம் திடீரென்று நின்றால் நீர் சில மணி நேரத்தில் குளிர்ந்து அவை செத்து மிதக்கும். நியூ ஜெர்சியில் ஆய்ஸ்டர் க்ரீக் அணுமின் நிலையத்தில் 1972 ஜனவரியில் மென்ஹேடன் மீன்கள் கூட்டமாக மடிந்தது இப்படித்தான். உச்ச வெப்பநிலைக்கு மட்டும் எழுதிய எந்த வரம்பும் இந்த மரணத்தைத் தடுக்காது. நீர் எவ்வளவு வேகமாகக் குளிரலாம் என்பதற்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

எண் மாறிய நாள்

1997-ல் உரிமையாளரும் அரசு அமைப்புகளும் ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தார்கள். நீரும் வெப்பமும் ஓரளவு குறைந்தன. 1998-ல் நிலையம் யு.எஸ்.ஜென் நியூ இங்கிலாந்து நிறுவனத்திடம் கைமாறியது. அதே ஆண்டு பழைய அனுமதியும் காலாவதியானது. ஆனால் சட்டப்படி, புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால் புதிய ஆணை வரும்வரை பழையதே தொடரும். இந்தத் தொடர்ச்சிதான் பல நிலையங்களுக்குக் கிடைக்கும் பெரிய அனுகூலம். எவ்வளவு தாமதமோ அவ்வளவு காலம் பழைய எண்.

புதிய உரிமையாளர் விலக்கு கேட்டார். கோபுரங்களைக் கொண்டு ஒரு பகுதி நீரை மட்டும் சுழற்சி முறைக்கு மாற்றுவதாகவும், வெப்பத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகவும் முன்மொழிந்தார். கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் வரைவு ஆணையையும் 2003 அக்டோபரில் இறுதி ஆணையையும் வெளியிட்டது. நிறுவனம் கேட்ட விலக்கு மறுக்கப்பட்டது. மீனுக்கு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, முகமையே ஒரு வரம்பை எழுதியது. ஆண்டு வெப்பம் 42 லட்சம் கோடி பி.டி.யு.விலிருந்து 1.7 லட்சம் கோடிக்கு. 96 சதவீதக் குறைப்பு. நாளொன்றுக்கு எடுக்கும் நீர் 100 கோடி கேலனிலிருந்து 5.6 கோடி கேலனுக்கு. 94 சதவீதக் குறைப்பு.

இந்த ஆணையின் வலிமை அதன் அளவுகோலில் இருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்டது மொத்த வெப்பமும் மொத்த நீரும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், ஒன்றைக் குறைக்க மற்றொன்றைக் கூட்டும் பழைய வழி அடைபடுகிறது. எந்த இயந்திரத்தை வாங்க வேண்டும் என்று ஆணை சொல்லவில்லை. ஆனால் சுழற்சிக் குளிர்விப்பு இல்லாமல் அந்த எண்களை எட்டவே முடியாது. நீர் எடுப்பதில் மட்டும் ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட வின்டர் ஃப்ளவுண்டர் முட்டைகளும் குஞ்சுகளும், நெத்திலி இனத்தில் 1,100 கோடிக்கும் மேல் அழிவதாக முகமை மதிப்பிட்டிருந்தது. இயற்கையிலும் முட்டைகளில் மிகப் பெரும்பங்கு அழியத்தான் செய்யும். அதை வைத்து இந்த எண்களைத் தள்ளிவிடும் வாதம் அப்போதும் வந்தது. ஏற்கெனவே சரிந்துகிடக்கும், வெளியிலிருந்து நிரம்பாத ஒரு மீன்தொகையில் அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து.

ஆணை வந்ததும் மேல்முறையீடு. இதற்கிடையே 2003-லேயே யு.எஸ்.ஜென் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. 2005 தொடக்கத்தில் நிலையத்தை டொமினியன் என்ற மின் நிறுவனம் வாங்கி, வழக்கையும் தொடர்ந்தது. முகமையின் மேல்முறையீட்டு வாரியம் 2006-ல் பெரும்பாலான அம்சங்களில் ஆணையை ஏற்றது. சிலவற்றை விளக்கம் கேட்டுத் திருப்பியது. கோபுரங்களால் வரும் இரைச்சல் அவற்றில் ஒன்று. 2007-ல் வாரியம் இறுதியாக நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. நிறுவனம் நீதிமன்றம் போனது, ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே சமரசம் ஆனது. கோபுரங்கள் கட்ட டொமினியன் ஒப்புக்கொண்டது.

சுமார் 150 மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்கள் எழுந்தன. செலவு 50 கோடி டாலருக்கு மேல். 2012-ல் சுழற்சிக் குளிர்விப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கோபுரங்களுக்கும் விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீர் ஆவியாகிறது. உப்பு நீரானால் நுண்துளிகள் காற்றில் கலந்து சுற்றுப்புறத்தில் படியும். குளிர்ந்த நாளில் பனிமூட்டம் எழும். கண்டென்சர் முன்போலக் குளிராது, பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும். ஓரிரு சதவீத உற்பத்தி இதில் போகும், அதை ஈடுசெய்யக் கொஞ்சம் கூடுதல் நிலக்கரி எரியும். ஆழமில்லாத, பாதி மூடிய நீர்நிலையில் இந்த விலை கொடுக்கத் தக்கதுதான். திறந்த, ஆழமான கடற்கரையில் நீண்ட குழாயும் அடியில் பரவலாகப் பீய்ச்சும் அமைப்பும் போதுமானதாக இருக்கலாம். எல்லா இடத்துக்கும் ஒரே எண் எழுதும் விதிகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

தாமதத்தின் கணக்கு

கிப்சனின் அறிக்கையிலிருந்து கோபுரங்கள் வேலை செய்யத் தொடங்கும்வரை பதினாறு ஆண்டுகள். கோபுரங்கள் வேலை செய்தது ஐந்தே ஆண்டுகள். இயற்கை எரிவாயு மலிந்ததும் நிலக்கரி நிலையத்தை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. 2013-ல் மீண்டும் கைமாறியது, அந்த ஆண்டே மூடும் முடிவும் அறிவிக்கப்பட்டது. 2017-ல் நிலையம் நின்றது. 2019 ஏப்ரலில் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இதைக் காட்டி, பணம் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. வீண் நடந்தது வேறிடத்தில் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்காவது அலகு 1984-ல் சுழற்சி முறையை விட்டு விலகாமல் இருந்திருந்தால், அல்லது 1998-ல் அனுமதி முடிந்ததும் புதிய ஆணை வந்திருந்தால், அதே முதலீடு இன்னும் பல ஆண்டுகள் பயன்பட்டிருக்கும். காலாவதியான ஆணை தொடரும் காலத்துக்கு ஓர் உச்சவரம்பும், அதைத் தாண்டினால் வெப்ப அளவு தானாகவே ஆண்டுதோறும் குறையும் ஏற்பாடும் சட்டத்தில் இருந்தால், தாமதிப்பதில் யாருக்கும் லாபம் இருக்காது.

மீன் திரும்பி வந்ததா? சூட்டு நீர் நின்றது, ஆனால் வின்டர் ஃப்ளவுண்டர் மீளவில்லை. தெற்கு நியூ இங்கிலாந்து முழுவதிலும் அதன் தொகை இன்னும் தாழ்ந்தே கிடக்கிறது. அரை நூற்றாண்டில் நாரகான்செட் நீர் ஒரு டிகிரிக்கும் மேல் சூடேறிவிட்டது. நிறுவனத்தின் தரப்பு அன்று காலநிலையைச் சுட்டியதில் உண்மை இருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தலைகீழானது. நீர் தானாகவே சூடேறிக்கொண்டிருக்கிறது என்றால், அதில் மேலும் சூட்டைச் சேர்க்க மிச்சமிருக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது என்றுதான் பொருள். ஒருமுறை எழுதி ஐந்தாண்டுக்கு அப்படியே விடும் வெப்ப வரம்புகளை, நீர்நிலையின் அன்றைய வெப்பநிலையோடு இணைத்து எழுத வேண்டிய தேவை இங்கிருந்துதான் வருகிறது: உள்ளே வரும் நீர் ஏற்கெனவே 23 டிகிரியில் இருக்கும் நாளில், மின்நிலையம் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். பிரான்சில் ரோன், கரோன் ஆற்றங்கரை அணுமின் நிலையங்கள் கோடை வெப்ப அலைகளின்போது இப்படித்தான் உற்பத்தியைக் குறைக்கின்றன. மவுன்ட் ஹோப்பில் அந்த விதி 1984-ல் இருந்திருந்தால், நான்காவது அலகை மாற்றும் கணக்கே நிறுவனத்துக்கு லாபமாக வந்திருக்காது.